11, 20, 41, 50: ஒரு டிராஃப்ட் நாட்குறிப்பு

மார்ச் 8, 2024, வெள்ளி

ஃபான்டஸி பேஸ்பால்: அமெரிக்க மேஜர் லீக் ஆட்டக்காரர்களை 15 பேர் முறை வைத்து எடுத்து ஆளுக்கொரு காகித அணி அமைப்போம், சீசனில் அவர்கள் நிஜத்தில் எடுக்கும் எண்களைப் பத்துப் பிரிவில் ஒப்பிட்டு மதிப்பெண். அப்படி எடுப்பதுதான் டிராஃப்ட், ஓர் எடுப்பு ஒரு பிக், ரவுண்டுக்கு ரவுண்டு வரிசை தலைகீழாகும். எந்த இடத்திலிருந்து எடுக்க விருப்பம் என்ற கேடிஎஸ் பட்டியல் இன்றிரவு போயாக வேண்டும். 15 இடங்களையும் விருப்பப்படி வரிசைப்படுத்திக் கொடுத்தால், குலுக்கலில் முதலில் வருகிறவருக்கு அவர் கேட்ட இடம், அடுத்தவருக்கு மிச்சத்தில் அவர் மேலே எழுதியது. எல்லாரும் 1 என்றுதான் தொடங்குவார்கள். காரணம் அக்கூன்யா, 2023ல் 41 ஹோம்ரன், 73 ஸ்டீல் (பேஸ் திருட்டு), பேட்டிங் சராசரி .337. முழங்கால் பற்றிப் போன வாரம் வந்த செய்தி யாரையும் அசைக்கவில்லை.

என் வரிசை 1, 2, 3, பிறகு நேராக 11, 10, 12. நாலாவது பிக்குக்கும் பன்னிரண்டாவதுக்கும் தரத்தில் பெரிய இறக்கம் இந்த வருடம் இல்லை. அப்படியிருக்கும்போது பின்னால் உட்காருவதே லாபம். 5ல் இருந்தால் அடுத்த பிக் 26. 11ல் இருந்தால் 20. அந்த ஆறு இடத்துக்குள்தான் முதல் தரப் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) தீர்ந்துபோகிறார்கள்.

டாட்ஜர்ஸின் பெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் நிலையில் ஆடப்போகிறார். 2023ல் அங்கே 16 ஆட்டம்தான், ஒரு நிலையில் அவரை வைக்கும் தகுதிக்கு 20 வேண்டும். ஆகவே டிராஃப்ட் மேசையில் செகண்ட் பேஸ், அவுட்ஃபீல்ட் மட்டும். சீசனில் 10 ஆட்டம் ஆனதும் மூன்றாவது நிலை சேரும், ஏப்ரலில்.

நோயெல்வி மார்ட்டேக்கு 80 ஆட்டத் தடை. பட்டியலிலிருந்து அடித்தாயிற்று.

மார்ச் 9, சனி

11.

குலுக்கலில் கிடைத்த இடம் அது. என் பிக்குகள்: 11, 20, 41, 50, 71, 80, 101, 110.

மார்ச் 11, திங்கள்

யாங்கீஸ் பிட்சர் கோலின் முழங்கைக்கு எம்ஆர்ஐ. போன வருடம் 209 இன்னிங்ஸ், 222 ஸ்ட்ரைக்அவுட், 2.63 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் கணக்கில் விட்ட ரன்). அவர் நலமாக இருந்திருந்தால் முதல் ரவுண்டு கடைசியில் ஒருவர் எடுத்திருப்பார். இப்போது அந்த ஒருவர் வேறு பிட்சரைத் தேடுவார். ஒரு பிட்சர் விழுந்தால் கீழே உள்ள எல்லாரும் ஒரு படி ஏறுகிறார்கள்: பர்ன்ஸ், வீலர், பாப்லோ லோபெஸ், காஸ்டியோ. 20ல் வீலர் இருப்பார் என்று வைத்திருந்தேன். இனி அது பாதிக்குப் பாதி.

மார்ச் 12, செவ்வாய்

நிறைய ஹோம்ரன், மோசமான சராசரி: ஷ்வார்பர் என்ற அந்தப் பேட்டரின் கணக்கை ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன். சராசரிப் பிரிவைக் கண்டு பயப்படுகிறவர்கள் கணக்குப் போடாமலே பயப்படுகிறார்கள்.

14 பேட்டர் இடங்கள், வருடத்துக்குச் சுமார் 7,000 அட்-பேட் (பேட் பிடித்த முறை), ஹிட்டை அதால் வகுத்தால் சராசரி. அணி சராசரி .255 என்று வையுங்கள். ஷ்வார்பர் 2023ல் 585 அட்-பேட், 115 ஹிட், .197. அதே 585ல் .255 அடிக்கிறவர் 149 எடுத்திருப்பார். குறைவு 34 ஹிட். 34ஐ 7,000ஆல் வகுத்தால் .005. அதாவது ஒரே ஆள் அணியை .255லிருந்து .250க்கு இறக்குகிறார். சராசரிப் பிரிவில் அணிகள் நெருக்கியடித்து நிற்கும், .005 என்றால் பல இடங்கள் போகும்.

எதிர்ப்பக்கம் அராயெஸ். 574 அட்-பேட், 203 ஹிட், .354. உபரி 57 ஹிட். இருவரையும் சேர்த்தால் 57 ஹோம்ரன், .274. சராசரி பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில்: இரண்டு இடத்துக்கும் சேர்த்து மூன்றே ஸ்டீல்.

ஷ்வார்பரை எடுக்கக்கூடாது என்பதல்ல. அவரை எடுக்கும் அந்த நொடியிலேயே அராயெஸுக்கு எந்த ரவுண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவரை மட்டும் எடுத்துவிட்டு இன்னொருவரைப் பிறகு பார்க்கலாம் என்றால், அந்தப் பிறகு வருவதே இல்லை.

மார்ச் 14, வியாழன்

மில்வாக்கியின் க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) டெவின் வில்லியம்ஸ் முதுகில் இரண்டு விரிசல், மூன்று மாதம். போன வருடம் 36 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்), 1.53 ஈஆர்ஏ. 41ல் அவர்தான் என்று பேனாவில் எழுதியிருந்தது.

சேவ் என்ற பிரிவு 1980ல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் ஆடிய முதல் ரோட்டிசெரி (பிரிவுக்குப் பிரிவு மதிப்பெண் தரும் ஃபான்டஸி) லீக்கிலேயே இருந்தது. ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும் பின்னால் சேர்ந்தவை. பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் முப்பது பேர் கையில், அவர்கள் வேலையோ ஒரு மேனேஜரின் வாய்ச்சொல்லில். டிரேட் (அணிகளுக்குள் ஆள் மாற்றம்) அனுமதிக்கும் லீக்கில் சேவ் குறைந்தால் பேசி வாங்கலாம். இங்கே டிரேட் கிடையாது. ஃபாப் என்ற வாராந்திர ஏலத்தில் வாங்க வேண்டும், அங்கே சீசன் முழுக்க உள்ள 1,000 கற்பனை டாலரில் 200 டாலர் ஒரே ஞாயிறு போய்விடும். அதனால்தான் இந்த வகைப் போட்டியில் க்ளோசர்கள் மற்ற லீக்குகளைவிட இரண்டு மூன்று ரவுண்டு முன்னால் போகிறார்கள். வெளியே கிடைக்கும் பொதுவான தரவரிசையை வைத்துக்கொண்டு வருகிறவர் ஆறாவது ரவுண்டில் தலை நிமிரும்போது நிச்சயமான க்ளோசர் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்.

மில்வாக்கியில் அடுத்து யார்? பயாம்ப்ஸ், மெகில், அப்னர் உரீபே. மில்வாக்கி மேனேஜராக பாட் மர்ஃபிக்கு இது முதல் வருடம், பழக்கம் பார்த்துச் சொல்ல வழியில்லை. வேகம் உரீபேயிடம். கன்ட்ரோல் இல்லை. பதினைந்தாவது ரவுண்டுக்குக் கீழே என்றால் சரி.

மார்ச் 16, சனி

கோலுக்கு அறுவை சிகிச்சை வேண்டாமாம். சில வாரம் பந்தைத் தொடக்கூடாது. மகிழ்ச்சிதான், ஆனாலும் எடுக்க முடியாது. ஐஎல் (காயப் பட்டியல்) இடம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஏழு ரிசர்வ், அவ்வளவே. அதில் ஒன்றை ஜூன் வரை பூட்டி வைத்தால் மீதி ஆறில்தான் எல்லாக் காயத்தையும் சமாளிக்க வேண்டும்.

41.

மார்ச் 17, ஞாயிறு

ஸ்டீல் பற்றி இன்னும் 2022 விலையில் பேசுகிறார்கள்.

மேஜர் லீக் முழுக்க 2022ல் மொத்தம் 2,486 ஸ்டீல். 2023ல் 3,503. பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. ஒரு பேட்டருக்கு இரண்டு முறைக்கு மேல் பிட்சர் பேஸில் நிற்பவரைப் பிடிக்க பிக்-ஆஃப் வீசவோ மேட்டிலிருந்து காலை எடுக்கவோ முடியாது, மூன்றாவது தடவை ஆளைப் பிடிக்கவில்லை என்றால் பேஸ் இலவசம். எல்லாருக்கும் ஸ்டீல் கூடியது, ஆகவே ஒரு ஸ்டீலின் விலை குறைந்தது. 20 ஸ்டீல் முன்பு ஒரு சொத்து. இப்போது அது ஐந்தாம் ரவுண்டு அவுட்ஃபீல்டரிடம் சும்மா வரும்.

எஸ்தேரி ருயிஸ் போன வருடம் 67 ஸ்டீல். கூடவே 5 ஹோம்ரன், .254. அவரை வைத்தால் ஓர் அவுட்ஃபீல்ட் இடம் ஹோம்ரனிலும் ஆர்பிஐயிலும் (அடித்து வரவைத்த ரன்) காலி. அவருக்கு ஆடும் இடம் போனால் மொத்தப் பிரிவும் ஒரே நாளில் போகும். ஒரே தூணில் கூரையைப் போடுவது போல. 14 பேரும் சராசரி 12 எடுத்தால் 168. கேட்சர் இருவரும் ஃபர்ஸ்ட் பேஸும் பூஜ்யம் என்றால் மீதி 11 பேரும் 15 எடுக்க வேண்டும். ஹோசே ரமீரெஸ் 28 கொண்டுவந்தால் அந்தக் கணக்கு உடனே இளகுகிறது. 24 ஹோம்ரன் குறைவுதான், .282 குறைவில்லை. 11ல் அவர் இருந்தால் யோசனை வேண்டாம்.

மார்ச் 19, செவ்வாய்

பிட்சர் ஸ்னெல் ஜயன்ட்ஸில். போன வருடம் 2.25 ஈஆர்ஏ, 234 ஸ்ட்ரைக்அவுட், 99 வாக் (பேட்டருக்கு இலவச பேஸ்). ஸ்பிரிங் முகாம் முடியும் நேரத்தில் ஒப்பந்தம், கை தயாராக ஏப்ரல் ஆகும். விலை ஏறட்டும், வேறு யாராவது எடுக்கட்டும்.

மார்ச் 21, வியாழன்

சியோல். சீசனின் தொடக்கத் தொடர் அங்கே, எங்களுக்கு விடியுமுன் 3 மணிக்கு ஆட்டம். டாட்ஜர்ஸின் புதிய பிட்சர் யமமோட்டோ ஒரே இன்னிங்ஸ், ஐந்து ரன். பத்ரேஸ் 15, டாட்ஜர்ஸ் 11. பெட்ஸுக்கு நான்கு ஹிட், ஆறு ஆர்பிஐ.

இந்த ஒரு இன்னிங்ஸ் சனிக்கிழமை டிராஃப்டில் யமமோட்டோவின் இடத்தை மாற்றும், மாற்றக்கூடாது. 1,200 இன்னிங்ஸ் வீசும் அணிக்கு ஐந்து ரன் என்பது ஈஆர்ஏயில் 0.04 கூட இல்லை. அவரைப் பற்றிய மதிப்பீடு ஜப்பானில் வீசிய வருடங்களிலிருந்து வந்தது, அது அப்படியே நிற்கிறது. 50 வரை வந்தால் பார்க்க வேண்டும்.

மார்ச் 22, வெள்ளி, வேகாஸ்

இளம் ஆட்டக்காரர் ஜாக்சன் ஹாலிடே மைனர் லீக்குக்கு. பத்தாவது ரவுண்டுப் பேச்செல்லாம் முடிந்தது.

நாளை இங்கே டிராஃப்ட், இன்று தாள் வேலை. மடிக்கணினி கூடவே இருக்கும், ஆனால் நம்பியிருப்பது தாள். ஒரு நிலைக்கு ஒரு தாள், ஒவ்வொன்றிலும் தரப் பிரிவுகளுக்கு நடுவே தடித்த கோடு. யார் எடுத்தாலும் கறுப்புப் பேனா, நாம் எடுத்தால் சிவப்பு. தனியாக ஒரு கட்டத்தாள்: 15 அணி, கீழே நிலைகள், ஒருவர் எடுத்ததும் ஒரு புள்ளி. அந்தக் கட்டத்தாள்தான் உண்மையான ஆயுதம். பலகையில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனால் தூரத்திலிருந்து யாருக்கு எத்தனை பிட்சர் என்று அதில் எண்ண நேரமாகும்.

பெயர் சொல்லும்போது அணியும் நிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வில் ஸ்மித் டாட்ஜர்ஸ் கேட்சர், இன்னொரு வில் ஸ்மித் கான்சஸ் சிட்டி ரிலீவர் (இடையில் வரும் பிட்சர்). லூயிஸ் கார்சியா மூன்று பேர்: வாஷிங்டன், ஹூஸ்டன், ஏஞ்சல்ஸ். மேக்ஸ் மன்சியும் இரண்டு, இருவருக்கும் பிறந்த தேதி ஆகஸ்ட் 25. ஏற்கெனவே போனவர் பெயரைச் சொன்னால் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நொடிக்குள் வேறு பெயர் வேண்டும். ஆகவே எப்போதும் வரிசையில் ஐந்து பேர் தயார்.

யூடிலிட்டி (எந்தப் பேட்டரையும் வைக்கக்கூடிய ஒற்றை இடம்) பொறி: ஓஹ்தானி, ஓசூனா, ஜே.டி. மார்டினெஸ், மூவருக்கும் யூடிலிட்டி மட்டுமே தகுதி. ஒருவரைத்தான் ஆட வைக்க முடியும். 40 ஹோம்ரன் அடித்த ஓசூனா அத்தனை கீழே கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

41 41 41.

மார்ச் 23, சனி

முடிந்தது. 450 பிக்.

11ல் ரமீரெஸ். கடிகாரம் ஐந்து நொடி கூட ஓடவில்லை.

20க்கு முன்னால் எட்டு பிக், எட்டும் நாலே அணிகள் எடுப்பவை. 12லிருந்து 15 வரை ஒவ்வொருவரும் இரண்டு. முதல் சுற்றில் அந்த நாலில் இருவர் பிட்சர் எடுத்தார்கள். அவர்கள் உடனே இன்னொரு பிட்சர் எடுப்பது அரிது. ஆக ஆபத்து மற்ற இருவரிடம் மட்டும். ஒருவர் பர்ன்ஸ், மற்றவர் இரண்டு பேட்டர். வீலர் 20ல் வந்தார். 192 இன்னிங்ஸ், 212 ஸ்ட்ரைக்அவுட். கோல் செய்திக்குப் பிறகு இதை எதிர்பார்க்கவே முடியவில்லை. கட்டத்தாள் இல்லாமல் இந்த அமைதி வராது.

அதன் பிறகு இருபது பிக். ஒரு பிக்குக்கு 35 நொடி என்றால் பன்னிரண்டு நிமிடம். கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இரட்டைப்படை ரவுண்டுக்குப் பிறகுதான், ஒற்றைப்படைக்குப் பிறகு எழுந்தால் திரும்பி உட்காருவதற்குள் முறை வந்துவிடும். 27ல் க்ளோசர் எட்வின் டியாஸ். 30ல் ஹேடர். பிறகு அடுத்தடுத்து இரண்டு. க்ளோசர் ஓட்டம் தொடங்கினால் அறையில் சத்தமே மாறுகிறது, எல்லாரும் ஒரே தாளைப் புரட்டுகிறார்கள். 38ல் டோவால்.

41. கிளாஸே இருந்தார். பெட்னார் இருந்தார், ஆனால் முதுகுத் தசை இறுக்கம் பற்றி இந்த மாதம் செய்தி. கிளாஸே போன வருடம் 44 சேவ், 12 கெட்டது (காக்கத் தவறிய முன்னிலை), 3.22 ஈஆர்ஏ. கெட்ட பன்னிரண்டைப் பார்த்து மற்றவர்கள் தயங்குகிறார்கள். பன்னிரண்டு கெட்ட பிறகும் வேலை அவரிடமே இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சேவ் வாங்கும்போது நாம் வாங்குவது திறமையைவிட அந்த நாற்காலியை. கிளாஸே.

50ல் கேட்சர் ரட்ச்மன். இரண்டு கேட்சர், 15 அணி, மொத்தம் 30 பேர். லீக்கில் தினமும் ஆடும் கேட்சர் எல்லாரும் தீர்ந்துவிடுவார்கள். கடைசியில் கிடைப்பவர் .215 அடிப்பார், வாரம் நாலு ஆட்டம். ரட்ச்மன் கேட்சராக இல்லாத நாளில் டிஎச் (பேட்டிங் மட்டும்), அந்தக் கூடுதல் 150 அட்-பேட்டுக்குத்தான் விலை. யமமோட்டோ 50 வரை வரவில்லை. பத்து இடம் முன்னாலேயே போனார். அறை நிதானமாகத்தான் இருந்தது.

நடு ரவுண்டுகளில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. கோடு போட்ட இடத்துக்கு மேலே கடைசியாக நிற்பவரை எடுத்துக்கொண்டே போனால் போதும்.

230ல் உரீபே.

கடைசி ஐந்து ரவுண்டில் களைப்பு. நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. மேசையில் பாதிப் பேர் தெரிந்த பழைய பெயரை எடுத்தார்கள். இங்கேதான் முதல் வாரத்தில் எந்தப் பிட்சருக்கு இரண்டு ஸ்டார்ட் (ஆட்டத்தைத் தொடங்கி வீசுவது), யார் பேட்டிங் வரிசையில் முதலில் வருகிறார் என்ற தாள் பயன்படும். ரிசர்வ் ஏழில் நாலு பிட்சர், மூன்று பேட்டர். பேட்டர்களில் ஒருவராவது மூன்று நிலை தகுதி உள்ளவர். வெள்ளிக்கிழமை பேட்டர்களை மாற்றலாம், பிட்சர்களை முடியாது.

மார்ச் 24, ஞாயிறு

தூக்கம்.

மார்ச் 26, செவ்வாய்

மின்னசோட்டா க்ளோசர் துரானுக்கு விலாப்பக்கத் தசைக் காயம். சீசனை ஐஎல்லில் தொடங்குகிறார். மின்னசோட்டாவில் ப்ராக் ஸ்டூவர்ட், க்ரிஃபின் ஜாக்ஸ். எங்கள் அறையில் ஸ்டூவர்ட் போய்விட்டார், ஜாக்ஸ் போகவில்லை. துரான் திரும்பும்வரை சில வாரம்தான், ஆகவே 200 போன்ற தொகை இல்லை. ஏலம் 38 டாலர், இரண்டாவதாக 23. வெளியேற்ற வேண்டியவர் பெயரை ஒவ்வொரு ஏலத்துக்கும் கீழே வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் ஏலம் ஜெயித்தும் இடம் இருக்காது. முதலில் 29ஆம் ரவுண்டு பிட்சர்.