உடைஞ்ச ஆக்ஸிலும் ஒன்பது இன்ச் ஆசையும்

ஜூன் 8, சனி
மணி 11 ஆச்சு, கை பூரா கியர் ஆயில் நாத்தம். இன்னிக்கு டிராக் ரேஸ்ல மூணாவது ரன், லைட் பச்சையானதும் வண்டி ரெண்டடி எகிறுச்சு, டக்குனு ஒரு சத்தம், இடது வீல் ஃபெண்டருக்கு வெளிய எட்டிப் பாக்குது. 89 ஃபோர்ட் மஸ்டாங், வண்டியோட வந்த 28 ஸ்ப்லைன் ஆக்ஸில் (பின் வீல சுத்துற தண்டு, ஸ்ப்லைன்னா அதோட முனையில இருக்குற பல்லு). அது மேல குத்தம் இல்ல, ரோட்ட இறுக்கிப் பிடிக்கிற ஸ்லிக் ரேஸ் டயர மாட்டுனது நான்தானே. போன வருஷம் இதே எஞ்சின்தான், ரோட்டு டயர் வழுக்கி வழுக்கியே ஆக்ஸிலக் காப்பாத்திட்டு இருந்திருக்கு.

ஜூன் 9, ஞாயிறு
கணக்குப் போட்டேன். எஞ்சின் டார்க், அதாவது முறுக்கு விசை, 400 பவுண்ட்-அடி, கிளம்புறப்ப எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்குற டார்க் கன்வர்ட்டர் அத சுமாரா ரெண்டு மடங்காக்குது, சி4 கியர்பாக்ஸோட ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோ 2.46, பின் ஆக்ஸில் கியர் ரேஷியோ 3.73. பெருக்குனா 7,300 பவுண்ட்-அடியத் தாண்டுது! எல்லாரும் எத்தன ஹார்ஸ்பவர் தாங்கும்னுதான் கேக்குறாங்க, டயர் பிடிப்பையும் வண்டி வெயிட்டையும் யாரும் கேக்குறதில்ல.

ஜூன் 12, புதன்
"ஃபோர்ட் 9 இன்ச் போடு மச்சி"ன்னு ஃப்ரெண்ட் போன்ல ஒரே பிடி. அது பின் ஆக்ஸில் செட், உள்ள இருக்குற பெரிய ரிங் கியரோட சைஸ்தான் 9 இன்ச். 1957-ல வந்த டிசைன், ரிங் கியர சுத்துற சின்ன கியரான பினியனுக்கு மூணாவது பேரிங் இருக்கு, சென்டர முன்பக்கமா அப்படியே கழட்டி வேற ரேஷியோ மாட்டிக்கலாம். ஆசைதான். ஆனா பினியன் ரொம்ப கீழ உக்காந்து உரசுறதுல கொஞ்சம் பவர தின்னுடும். டானா 60-ன்னு இன்னொரு செட், ரிங் கியரே 9.75 இன்ச், என் வண்டிக்கு அது ஆட்டுக்குட்டிக்கு யானச் சங்கிலி.
"ஏங்க, பேசாம வேற காரே வாங்கிடலாமே"ங்கறா வீட்டுக்காரி. விலையச் சொல்லல நான்.

ஜூன் 16, ஞாயிறு
வண்டியோட வந்த 8.8 இன்ச் செட்தான், முடிவு பண்ணியாச்சு. ட்யூப் ரெண்டும் சென்டர் வார்ப்புக்குள்ள அழுத்திச் செருகி சின்னதா வெல்ட் வச்சதுதான், லோடுல சுத்திக்கும், அதனால சுத்திவர வெல்ட். ஆக்ஸில உள்பக்கமா பிடிச்சு வைக்கிற சி-கிளிப்ப தூக்கிட்டு, வெளிப்பக்கமா பிடிக்கிற மாதிரி முனையில 9 இன்ச் ஹவுசிங் எண்ட் வச்சிடுவேன், இனிமே ஆக்ஸில் உடைஞ்சாலும் வீல் கழண்டு ஓடாது. கால் மைல 10.99 செகண்டுக்கு உள்ள ஓடணும்னா அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ ரூலும் இதத்தான் கேக்குது. ரோட்டுல ஓட்டாத வண்டி, ரெண்டு வீலையும் ஒண்ணாப் பூட்டி சுத்த வைக்கிற ஸ்பூல் போட்டா போதும், அதுதான் புதுசா வாங்குறோமே அப்புறம் எதுக்கு 31 ஸ்ப்லைன்ல நிக்கணும், 35-ஏ போட்டுடலாம், ஒன்றரை இன்ச் தடி. விட்டம் கொஞ்சம் கூடுனாலே போதும், வலு விட்டத்தோட கனத்துக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏத்தாப்ல ஏறும்.

ஜூன் 29, சனி
வெல்ட் முடிஞ்சுது. சூட்டுல ஒரு ட்யூப் லேசா கோணிடுச்சு, உள்ள நேரான பார் விட்டுப் பாத்து நிமுத்துறதுலயே பொழுது போச்சு. நல்லவேளை, ஆக்ஸில் நீளத்த முன்னாடியே அளந்து ஆர்டர் குடுக்கல. நாளைக்குதான் டேப்ப எடுக்கணும்.