கடல்தண்ணித் தொட்டிக்கு என்ன மணல்?

ஜூன் 8, 2024, சனி

கடல்மீன் வளக்கிறதுக்குத் தொட்டி வந்துட்டு. மூண்டடி நீளம், ஒண்டரை அடி அகலம். பம்ப், லைட், கல்லு எல்லாம் முடிவாகிட்டு, மிச்சம் அடியில போடுற மணல்தான், அதுலதான் ஆளுக்கொரு கதை சொல்றாங்க. மாமா வந்து பாத்துட்டு, "என்ன மருமகன், கல்லடிக் கடற்கரையில இருந்துகொண்டு காசு குடுத்தா மணல் வாங்கப்போறீங்க?" எண்டு கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஜூன் 9

கரையில ஒரு பிடி மண் எடுத்து வந்து காயவச்சு வினாகிரி ஊத்திப் பாத்தன், சுண்ணாம்பு இருந்தா நுரைக்கும். அங்கொண்டும் இங்கொண்டுமாக் கிடந்த சிப்பித்துண்டு மட்டும் நுரைச்சுது, மிச்சம் அசையவே இல்ல. நம்மட கரை மண் பெரும்பாலும் குவாட்ஸ், சுண்ணாம்பில்லாத சிலிக்கா. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனா கறுத்த துணுக்கெல்லாம் ஓடிவந்து ஒட்டுது, இரும்புள்ள கனிமம், புல்மோட்டையில இல்மனைட் அள்ளுறதும் இதே கிழக்குக் கரையிலதானே. மச்சான் கொழும்புல இருந்து கொண்டு வந்த சாம்பிள் மண்ணில ஊத்தினா சுர்ரெண்டு பொங்குது. அது அரகனைட், கல்சியம் காபனேற்று, சுண்ணாம்பு வகைதான்.

குவாட்ஸ் மண் மீனைக் கொல்லாது, அத சொல்லணும். ஆனா அந்தக் கறுத்த துணுக்கும் வாய்க்கால் வழியா கடலுக்கு வாற ஊர்க்கழிவும் மூடின தண்ணிக்குள்ள எனக்கு வேணாம்.

ஜூன் 11

அரகனைட் போட்டா பிஎச், தண்ணிட அமில-கார அளவு, தானா நிக்கும் எண்டு விக்கிறவங்க சொல்றத அப்படியே நம்பாதீங்க. கடல்தண்ணி பிஎச் 8.1, 8.2ல இருக்கிறப்போ அரகனைட் கரையிறதே இல்லை எண்டு சொல்லலாம். மண்ணுக்கு உள்ள, பக்டீரியா விடுற காபனீரொட்சைட்டால பிஎச் குறையிற இடத்துலதான் கொஞ்சம் கரையும். தண்ணி மாத்துறதும் காரத்தன்மை டெஸ்ட் பண்றதும் நம்மட வேலைதான்.

ஜூன் 15, சனி

இண்டைக்குத்தான் எனக்குத் தெளிவாகிச்சு. எந்த மீன் விடப்போறம் எண்டதுதான் முதல்ல, மண் அதுக்குப் பொறகு. எனக்கு வேணும் எண்டது ரெண்டு க்ளவுன், ஒரு மஞ்சள் ராஸ், ஒரு மணல் சலிக்கிற கோபி. க்ளவுனுக்கு அடியில என்ன கிடந்தாலும் ஒண்டுதான். ராஸ் அப்படியில்ல, ராவைக்கு மண்ணுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும், பயந்தாலும் தலைகுப்புற உள்ள பாயும், கூரான முருகைக்கல் நொறுக்கு போட்டா உடம்பு கீறிப்போகும். கோபி வாய் நிறைய மண் அள்ளி செவுள் வழியா விடுறது, அதுக்குப் பெரிய கல்லு சரிவராது. அந்த நொறுக்குல இன்னொரு கரைச்சல், இடுக்குல தீனும் பீயும் அடைஞ்சு அழுகி தண்ணியில நைத்திரேற்று எண்ட கழிவுப்பொருள் ஏறும். அதுக்காக மாவு மாதிரி மண் போட்டா பம்ப் அடிக்கிற அடியில பறந்து கல்லெல்லாம் மூடிரும். ஒண்டுல இருந்து ரெண்டு மில்லிமீற்றர், அதுதான் சரி.

கனம் ரெண்டு அங்குலம். நாலு அங்குலத்துக்கு மேல போட்டா அடியில ஒட்சிசன் இல்லாத இடத்துல பக்டீரியா நைத்திரேற்றை வாயுவாக்கி அனுப்பும் எண்டது உண்மைதான், ஆனா பழைய தடிப்பு மண்ணக் கிளறினா அழுகின முட்டை மணம், ஐதரசன் சல்பைட்டு, அது விஷம். கரண்ட் அடிக்கடி போற ஊருல, கோபி நாள் முழுக்கக் கிண்டுற தொட்டியில, எனக்கு அது வேணாம்.

ஜூன் 16

பாசிக்குடாவில முருகைமண் கிடக்கே, போய் அள்ளுவம் எண்டான் மச்சான். வேணாமெண்டு சொல்லிட்டன். 1981ம் ஆண்டு கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988ல திருத்தி முருகைக்கல் அகழ்றதையே தடை செஞ்சிருக்கு. சட்டம் இல்லாட்டியும் அந்தப் பாறையில கை வைக்க எனக்கு மனசு வராது, மீனுக்கு அதுதானே வீடு.

ஜூன் 22

கடைசியில அரகனைட் மண்தான் வாங்கினன், ரெண்டங்குலத்துக்கு 20 லீற்றர், 30 கிலோ வரும். மண் வந்து வாளியில களைஞ்சன், தண்ணி தெளியிற வரைக்கும், கை விட்டுப் போச்சு, கச்சான் காத்துல மேலெல்லாம் வெள்ளைத்தூசி. முதல்ல கல்ல கண்ணாடியிலேயே இருத்திப்போட்டு அதைச் சுத்தித்தான் மண் போட்டன், மண்ணுக்கு மேல கல்ல வச்சா கோபி அடியத் தோண்டி ஒருநாள் சரிச்சுப்போடும். பீங்கான் ஒண்டக் கவுத்து வச்சு அது மேல மெதுவாத் தண்ணி விட்டன், இல்லாட்டி மண்ணில குழி விழும்.

ஜூன் 30

மண் மேல மண்ணிறப் படலம் பிடிக்குது, டயட்டம் எண்ட நுண்பாசி, புதுத் தொட்டிக்கு வாறதுதான், துடைக்கப் போறதில்ல. அமோனியாவும் நைத்திரைற்றும், ரெண்டும் மீனுக்கு நஞ்சு, பூச்சியத்துக்கு வந்தாத்தான் க்ளவுன். கோபி கடைசியா, சில மாசம் போகட்டும், புது மண்ணில அதுக்குத் தின்ன ஒண்டும் இருக்காது, மெலிஞ்சு செத்துரும். மேல வலை இப்பவே அடிச்சாச்சு, ராஸும் கோபியும் வெளியில பாயிற சாதி.