ஓரா மீன் இனங்களைப் பிரித்துச் சொல்வது: செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

மேசையில் ஓரா மீனை வைத்துவிட்டால் பலரும் உடனே முள்ளை எண்ணத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதுகுத் துடுப்பில் 13 முள், 10 கதிர் (வளையக்கூடிய மென்மையான தண்டு), குதத் துடுப்பில் 7 முள், 9 கதிர், வயிற்றுத் துடுப்பில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு முள், நடுவே 3 கதிர் என்ற இந்தக் கணக்கு ஓரா மீன்களின் பேரினமான சைகானஸ் முழுவதற்கும் பொதுவானது. ஓராதான் என்று உறுதிசெய்ய அது போதும், ஆனால் எந்த ஓரா என்பதற்கு உதவாது.

நான் முதலில் வாலைப் பார்ப்பேன். சைகானஸ் அர்ஜென்டியஸ் என்ற இனத்துக்கு (இனி இனப்பெயரை மட்டும் சொல்கிறேன்) வால் ஆழமாகப் பிளந்திருக்கும், உடலும் ஒல்லி. செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய்ப் பெருகிய ரிவுலேட்டஸ், லூரிடஸ் இரண்டையும் சேர்த்து வைத்தாலும் வால்தான் கைகொடுக்கும்: முதலாவதற்குக் கவட்டை வால், இரண்டாவதற்கு ஏறக்குறைய நேராக வெட்டிய வால்.

அடுத்தது உடலில் உள்ள கோலம். குட்டேட்டஸ், லீனியேட்டஸ் இரண்டுக்குமே முதுகுத் துடுப்பு முடிகிற இடத்துக்குக் கீழே பளிச்சென்று ஒரு மஞ்சள் திட்டு உண்டு, அதைப் பார்த்ததும் பெயர் எழுதிவிடாமல் கொஞ்சம் முன்னால் வந்து விலாவைப் பாருங்கள், தனித்தனி ஆரஞ்சுப் புள்ளிகள் என்றால் குட்டேட்டஸ், கோடுகளாக ஓடினால் (சில இடங்களில் அறுந்து புள்ளியாகவும் இருக்கும்) லீனியேட்டஸ். ஜாவஸுக்கு மேலே புள்ளி, கீழே நெளிகோடு. வெர்மிகுலேட்டஸ் உடல் முழுக்கப் புழு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பவே வேண்டாம். மிரண்டாலும் இரவானாலும் இவை திட்டுத்திட்டாக மாறிவிடும், மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் நிறம் வெளுத்துப்போகும்.

அப்புறம் கனாலிகுலேட்டஸ், ஃபியூசெசென்ஸ் ஜோடி. பக்கக்கோட்டுக்கும் (விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் உணர்கோடு) முதுகுத் துடுப்புக்கும் இடையே உள்ள செதில் வரிசைகளை எண்ணிப் பிரிக்கச் சொல்வார்கள், ஆனால் அந்த எண்கள் ஒன்றோடொன்று மேவுகின்றன, டிஎன்ஏ ஆய்வுகளிலும் இவை இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை. அதனால் எண்ணிய வரிசைகளை எழுதி, நெருங்கிய இனம் எது, ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். வெறும் பெயரை விட இந்த விடைதான் நேர்மையானது.

துடுப்பை விரிக்க இடுக்கியை எடுங்கள், விரலை வைக்காதீர்கள். முள்ளில் நஞ்சு உண்டு, செத்த மீன் குத்தினாலும் கடுக்கும்.