ரோவர் வாங்கும் முன் ஒரு தென்னந்தோப்புக்குப் போங்கள்

போன மாதம் நில அளவைக்கு ஒரு ஆர்டிகே ரோவர் வாங்கக் கிளம்பினேன். செயற்கைக்கோள் சிக்னலோடு, தெரிந்த இடத்தில் நிற்கும் 'பேஸ்' என்ற இன்னொரு கருவியின் திருத்தத்தையும் வாங்கி, இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும் கருவி அது. விற்பனையாளர் எடுத்த எடுப்பிலேயே சேனல் (சிக்னலைப் பிடிக்கும் தடம்) கணக்கைத்தான் அளந்தார், ஆயிரத்துக்கு மேல் என்று. சரி, இருக்கட்டும், ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ எல்லாம் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் நம் தலைக்கு மேல் தெரிவது சில பத்து செயற்கைக்கோள்கள்தானே. நான் கேட்டது ஒன்றுதான்: டெமோ மொட்டை மாடியில் வேண்டாம், தென்னந்தோப்பில் காட்டுங்கள். வெட்டவெளியில் எந்தக் கருவியும் சீக்கிரம் ஃபிக்ஸ் ஆகிவிடும், அதாவது சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தைப் பிடித்துவிடும். மட்டைக்கு அடியில் ஃப்ளோட்டிலேயே, அதாவது அந்தத் துல்லியம் எட்டாத நிலையிலேயே, தொங்கும். அதைவிட மோசம், ஃபிக்ஸ் என்று காட்டிக்கொண்டே தப்பாகச் சொல்வது. அதனால் ஒரே கல்லை, அரை மணி இடைவெளி விட்டு, கருவியை அணைத்துப் போட்டு மறுபடியும் அளந்து பார்ப்பேன்.

அப்புறம் துல்லியம். காகிதத்தில் 8 மி.மீ. + 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று இருக்கும். பேஸிலிருந்து 10 கி.மீ. தள்ளிப் போனால் இன்னொரு 10 மி.மீ. சேரும் என்று அர்த்தம், அதுவும் ரோவரை மாட்டிய கம்பு நேராக நின்றால். சாய்வைத் தானே திருத்தும் வசதி சுவர் மூலையில் உண்மையிலேயே கைகொடுக்கிறது, அதற்குக் காசு கொடுக்கலாம்.

பேஸும் சேர்த்து வாங்குவதா? சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் நிலையங்களிலிருந்து (நிரந்தரமாக நிறுவிய பேஸ் மாதிரி) இணையம் வழியாகத் திருத்தம் பெறலாம், ஆனால் மலையடிவாரத்தில் சிம் கார்டு செத்துக் கிடக்கும். எனக்கு அந்த ஊர்களில்தான் பாதி வேலை, ஆகவே பேஸும் ரேடியோவும் சேர்த்தே வாங்கினேன்.