கடிகாரம் நின்ற பிறகு வரும் உதை

2024 டிசம்பர் 19 அன்று இரவு, இங்கிள்வுட் நகரின் சோஃபை அரங்கில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் நடந்த ஆட்டத்தில் முதல் பாதி முடிய எட்டு விநாடிகளே இருந்தபோது, 21-10 என்று முன்னிலையில் இருந்த டென்வர் பிராங்கோஸ் அணி பந்தை எதிரணியின் பக்கம் உயர உதைத்து அனுப்பியது. இந்த விளையாட்டில் இதைப் பன்ட் என்பார்கள். பந்து இறங்கும் இடத்தில் நின்ற லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் அணியின் டீரியஸ் டேவிஸ், ஃபேர் கேட்ச் எடுக்கப்போவதாகக் கையை உயர்த்திச் சைகை காட்டினார். பிடித்தபின் ஓட மாட்டேன், பிடிக்கும்வரை என்மீது யாரும் மோதக்கூடாது என்பதே அச்சைகையின் பொருள். ஆனால் விரைந்து வந்த டென்வர் வீரர் ட்ரெமான் ஸ்மித் அவர்மீது மோதிவிட்டார். தவறு நடந்ததைக் காட்ட நடுவர் மஞ்சள் கொடியை வீசினார். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. பாதி மட்டும் முடியவில்லை.

அந்த மோதலுக்கான தண்டனை 15 யார்டு. அதன்படி பந்து டென்வரின் 47 யார்டு கோட்டுக்கு நகர்த்தப்பட்டது. ஃபேர் கேட்ச் கிடைத்த அணி, அடுத்ததாக அதே இடத்திலிருந்து கோலை நோக்கி நேராக உதைக்கலாம் என்று ஒரு பழைய விதி உண்டு. அதைச் சார்ஜர்ஸ் பயன்படுத்திக்கொண்டது. இந்த உதையில் பந்தைப் பின்னோக்கி எறிந்து கொடுக்கும் வேலை இல்லை. எதிரணியினர் பத்து யார்டு தள்ளியே நிற்க வேண்டும். ஒருவர் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க, உதைப்பவர் நிதானமாக ஓடிவந்து உதைக்கலாம். கேமரன் டிக்கர் அப்படி உதைத்த பந்து 57 யார்டு கடந்து, கோல் கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால் நிற்கும் கம்பங்களுக்கு நடுவே சென்றது. 1976இல் அன்றைய சான் டியேகோ சார்ஜர்ஸுக்காக ரே வெர்ஷிங் 45 யார்டிலிருந்து அடித்ததற்குப் பிறகு, என்எஃப்எல்லில் இப்படியொரு உதை வெற்றி பெற்றது அன்றுதான்.

அன்று எல்லோரும் டிக்கரின் காலைப் பற்றிப் பேசினார்கள். எனக்கோ அந்த 15 யார்டுதான் பெரிதாகத் தெரிந்தது. தவறு நேராமல் ஃபேர் கேட்ச் மட்டும் கிடைத்திருந்தாலும் சார்ஜர்ஸ் உதைத்திருக்கலாம், ஆனால் அது 72 யார்டு உதையாக இருந்திருக்கும். அந்தத் தூரத்தை நம்பி எந்தப் பயிற்சியாளரும் திட்டமிட மாட்டார். எட்டாத தூரத்தை எட்டும் தூரமாக மாற்றியது தண்டனைதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் விதியின் அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பாதியின் கடைசி ஆட்டத்தில் தடுக்கும் அணி தவறு செய்து, அத்தண்டனையை எதிரணி ஏற்றுக்கொண்டால், கடிகாரம் ஓடாத ஒரு கூடுதல் டவுன், அதாவது இன்னொரு ஆட்ட வாய்ப்பு, வழங்கப்படும். தாக்கும் அணி தவறு செய்தால் பொதுவாக நீட்டிப்பு கிடையாது. தவறு செய்தவர்களுக்கே இன்னொரு வாய்ப்பு தருவதில் நியாயமில்லை. சிக்கல் உதைகளில்தான் எழுகிறது. பன்ட் அடிக்கும் அணி, பந்து எதிரணியின் கைக்குப் போகும்வரை விதியின் பார்வையில் தாக்கும் அணியாகவே இருக்கிறது. பொது விதியை அப்படியே பொருத்தினால், கடைசி விநாடிகளில் பன்ட் அடிப்பவர்கள் பந்தைப் பிடிக்க வருபவரைத் தள்ளிவிட்டும், தடுக்க ஓடுபவர்களை இழுத்துப் பிடித்தும் எந்த விலையும் கொடுக்காமல் ஓய்வறைக்குப் போய்விடலாம். ஆகவே, எதிரணி பந்தைக் கைப்பற்றுமுன் உதைக்கும் அணி செய்யும் தவறுகளுக்கு விதிநூல் தனியே விலக்கு வைத்து, எதிரணி கேட்டால் பாதியை நீட்டிக்க இடமளிக்கிறது. கடிகாரத்துக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று யோசித்து எழுதப்பட்ட விதி இது.

இதே டென்வர் அணி ஓராண்டுக்கு முன் இந்த நியாயத்தின் மறுபக்கத்தில் நின்றது. 2023 நவம்பர் 13 அன்று பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் முடிவில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டென்வரின் உதைக்கும் அணி களத்துக்குள் ஓடிவந்து நிலைகொண்டது. அந்த அவசரத்தில் பஃபலோ தன் ஆட்களை மாற்ற முயன்று பன்னிரண்டு பேரைக் களத்தில் விட்டுவிட்டது. வில் லட்ஸ் 41 யார்டிலிருந்து உதைத்த பந்து விலகிப்போக, பஃபலோ வென்றுவிட்டதாகவே தோன்றியது. கொடி வீசப்பட்டிருந்தது. ஐந்து யார்டு முன்னே நகர்ந்து 36 யார்டிலிருந்து லட்ஸ் மறுபடி உதைத்தார். டென்வர் 24-22 என்று வென்றது.

கடிகாரம் நின்றதும் ஆட்டம் முடிய வேண்டும், அதற்குமேல் நீட்டுவது பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. அன்று பஃபலோ ரசிகர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதினொருவர் ஆட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்று தடுத்த உதையை இறுதி உதையாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

சார்ஜர்ஸ் ஆட்டத்தின் அந்தக் காட்சியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தப் பாதியில் டென்வருக்கு எஞ்சியிருந்த ஒரே வேலை, டேவிஸ் சைகை காட்டிய பிறகு அவருக்கு இரண்டு எட்டு இடம் விட்டு நிற்பதுதான். அந்த இடம் விடப்படாததால் 21-10 ஆக முடிந்திருக்க வேண்டிய பாதி 21-13 ஆக முடிந்தது. சார்ஜர்ஸ் இறுதியில் 34-27 என்று வென்றது.