இடது பக்கம் யார் பார்ப்பது

ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவன் ஸ்பாரிங், அதாவது ஜோடி போட்டுப் பயிற்சிச் சண்டை, செய்யலாமா என்று யாராவது பொதுவாகக் கேட்டால் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது: நல்ல கண் ஒன்றுதான் என்றால் பாக்ஸிங்கும் முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் கலைகளும் வேண்டாம். காரணமும் எளிது. பாஸ்கெட்பால், ஷட்டில் ஆடுகிறவனுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி மாட்டிவிடலாம். முகத்தில் குத்து வாங்குவதே விளையாட்டு என்றால் கண்ணுக்கு எதை மாட்டுவது?

கேட்டவன் பொதுவான ஆளாக இல்லாமல், கையில் காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு எதிரே நின்ற நம்ம பையனாக இருந்ததுதான் பிரச்சினை.

ஜிம்முக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. பர்மியக் குத்துச்சண்டையான லெத்வே கற்றுக்கொள்ள ரங்கூனில் இடமா இல்லை, ஆனால் நம்ம வீடுகளில் முட்டிக்கொண்டு ரத்தம் வர நிற்கிற சண்டைக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்கு மனசு வரும்? இவன் தானாக வந்தான். பகலில் உளுந்து மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சின்ன வயதில் மூங்கில் சிம்பு குத்தி இடது கண் போய்விட்டது. கை அசைவது தெரியும், அவ்வளவுதான். அதை முதல் நாளே சொன்னான், மறைக்கவில்லை. பெரிய ஸயா, அதாவது ஜிம்மின் பெரிய வாத்தியார், என்னைப் பார்த்து, "உங்க பையன், நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அங்கே, பழகுகிறவர்கள் குத்துவதற்குப் பேட் பிடிக்கிற வேலை, புதிதாக வருகிறவர்களுக்குக் கால் வைக்கச் சொல்லித்தருகிற வேலை. முடிவெடுக்கிற வேலை இல்லை. அன்றைக்கு மட்டும் வந்தது.

பேட் அடிப்பதில் அவனைப் போல ஆள் கிடையாது. ஆரம்பத்தில் குத்து பேட்டுக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றுவிடும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் கிட்டத்துத் தூரம் சரியாகப் பிடிபடும். ஒற்றைக் கண்ணுக்கு வேறு அடையாளங்கள் வேண்டும். அவன் என் தோளைப் பார்த்துத் தூரம் கணக்குப் போடக் கற்றுக்கொண்டான். கொஞ்ச மாதத்தில் முழங்கை கூட நடு பேட்டில் விழ ஆரம்பித்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை பின்னால் என் தீர்ப்பைக் கொஞ்சம் சாய்த்திருக்கலாம்.

அப்புறம் ஒருநாள் ஸ்பாரிங் கேட்டான். நான் வழக்கமான காரணங்களைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு பஸ் கதை சொன்னான்.

இங்கே வண்டிகள் 1970லிருந்து சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கோ ஸ்டியரிங்கும் வலது பக்கம். முன்னால் போகிற வண்டியைத் தாண்டவேண்டும் என்றால் இடது பக்கம் என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. ஸ்பேர், அதாவது பஸ் கண்டக்டர், எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பான். அவன் அப்பா, 2017ல் புது பஸ் முறை வந்து ஸ்பேர் வேலையே இல்லாமல் போகும்வரை, ஸ்பேராக இருந்தவர்.

"டிரைவருக்கு இடது பக்கம் தெரியாது. அப்பா குரல் கொடுப்பாரு, அவரு திருப்புவாரு. அப்பா இருந்த வண்டி ஒரு தடவைகூட இடிச்சதில்ல அண்ணே. எனக்கு நீங்க ஸ்பேரா நில்லுங்க, போதும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு, "சரி, பார்க்கலாம்" என்றேன்.

இந்த "சரி, பார்க்கலாம்" என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நம்ம பேச்சில் அதற்குப் பாதி நேரம் முடியாது என்றுதான் அர்த்தம். கடன் கேட்டு வந்தவனிடம் சொல்கிற வார்த்தை அது. அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அடுத்த நாளே புது மவுத்கார்ட் வாங்கி வந்துவிட்டான். நான் மறுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால், பஸ்ஸில் குரல் கொடுக்க நேரம் இருக்கிறது. ரிங்கில் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து ஹூக் குத்து வந்து சேர்ந்துவிடும். இந்தப் பதில் எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது, அவன் முகம் அப்படி இருந்தது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அவனை மேடையில் ஏற்றவில்லை. மேடை லெத்வே வேறு: வெறும் காஸ் துணி சுற்றிய கை, தலையால் முட்டலாம், பழைய முறையில் புள்ளி கிடையாது, கடைசிவரை இரண்டு பேரும் நின்றால் டிரா, அடிபட்டு விழுந்தவன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு எழுந்து திரும்பச் சண்டை போடலாம். அதற்கு யாரும் கேட்கவுமில்லை, நான் விட்டிருக்கவும் மாட்டேன். நான் யோசித்தது 16 அவுன்ஸ் கிளவுஸ், தலையால் முட்டுவது கிடையாது, முழங்கை கிடையாது, முகத்துக்குத் தொடுகிற அளவு மட்டும், உடம்புக்கும் காலுக்கும் கொஞ்சம் பலமாக. இதில் அபாயம் இல்லை என்று சொல்லவில்லை. கட்டை விரல் ஒன்று தவறி உள்ளே போனால் போதும். ஆனால் அபாயத்திலும் படி உண்டு, முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் ஒரே பதில் சொல்வது சோம்பேறித்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி நினைக்கிறேன்.

ஹெட்கார்ட் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது நெற்றியையும் புருவத்தையும் கிழியாமல் காக்கும், கன்னத்தையும் கொஞ்சம் காக்கும், கண்குழியைக் காக்காது. இவனுக்குக் கூடுதல் தொல்லை வேறு. ஒரு கண் வெளிப்பக்கம் 90 டிகிரிக்கு மேல் பார்க்கும். மூக்குப் பக்கம் சுமார் 60 டிகிரிதான், அதற்குமேல் மூக்கு மறைக்கும். ஹெட்கார்டின் கன்னத் துண்டு அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். இடது பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முகத்தையே இடது பக்கம் திருப்ப வேண்டும். நான் எதிரில் பேட் பிடித்துக்கொண்டு நிழல் சண்டை மாதிரி மெதுவாகச் சுற்றியபோது அவன் அதைத்தான் செய்தான். யாரும் சொல்லித்தராமல் முகம் தானாக இடப்பக்கம் திரும்பியது. தெரியாத பக்கத்தைக் காப்பாற்ற அவன் திரும்பத் திரும்ப, நல்ல கண் எனக்கு நேரே, நடுவில் வந்து நின்றது. என் ஜாப் குத்து நேராகப் போனால் அங்கேதான் போகும். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஆனாலும் அன்றைக்கு நிறுத்தவில்லை. வலது காலை முன்னால் வைத்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன், முன்கையை உயர்த்தி வைக்கச் சொன்னேன். இப்படித்தான், வேலை தெரிந்தவனுக்கு எல்லாமே திருத்தக்கூடிய விஷயமாகத் தெரியும்.

ஜூடோவுக்குப் போகச் சொன்னேன். 1988 சியோல் பாராலிம்பிக்கிலிருந்து பார்வையற்றோர் ஜூடோ இருக்கிறது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடிதான் ஆரம்பிக்கவேண்டும், அதனால் கண்ணைவிடக் கைதான் முக்கியம் என்றேன். "கட்டிப் பிடிச்சு உருளவா நான் வந்தேன்?" என்று கேட்டான். அப்புறம் போனை எடுத்து, யுஎஃப்சி என்கிற கலப்புச் சண்டைப் போட்டிகளில் மோதிய மைக்கேல் பிஸ்பிங்கைக் காட்டினான். 2013ல் பெல்ஃபோர்ட்டோடு மோதியதில் வலது கண் கெட்டது, அந்தக் கண்ணோடேயே 2016ல் ராக்ஹோல்டை வீழ்த்தி யுஎஃப்சி மிடில்வெயிட் பட்டம் வாங்கினார். உண்மைதான், என்ன சொல்ல முடியும்? இரண்டாவது கண்ணும் போனவன் வீடியோவில் வரமாட்டான் என்று சொன்னேன். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஜோடி யார்? எங்களிடம் கரேன் இனத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், ஜிம்மில் நிதானமானவன், கை அவன் சொன்னபடி கேட்கும். அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையாட்டினான். ஸ்பாரிங் வைத்திருந்த மாலை, எல்லோரும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தபோது என்னைத் தண்ணீர்ப் பானை பக்கம் கூப்பிட்டான். கண்ணைப் பார்க்காமல் கிளவுஸ் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டே பேசினான்.

"ஸயா, நான் மெதுவாத்தான் அடிப்பேன். ஆனா அவன் மெதுவா அடிக்க மாட்டான். அவன் வேகமா வந்தா என் கையும் தானா வேகமாப் போயிடும். இருக்கிற கண்ணும் என் கையால போனா அவங்க அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நான் வேண்டாம்னு சொன்னதா அவன்கிட்ட சொல்லாதீங்க."

அதுவரை நான் போட்ட கணக்கெல்லாம் ஒரு ஆளின் கணக்கு. அவன் கண், அவன் வயது, அவன் வேலை, அவன் ஆசை. வயதுக்கு வந்தவன் தெரிந்தே ஏற்கிற அபாயத்தைத் தடுக்க நான் யார் என்றுகூட என்னிடமே வாதாடியிருந்தேன். ஸ்பாரிங் என்பது இரண்டு பேர் செய்வது என்பது, இத்தனை வருடம் அந்த இடத்திலேயே நிற்கிற எனக்கு, ஒரு பையன் பானை பக்கம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அபாயத்தை ஏற்கிறேன் என்று இவன் கையெழுத்துப் போடலாம். அடிக்கிற கைக்காகவும் இவனே போட முடியுமா?

இவனிடம் போய், "இல்ல தம்பி, வேண்டாம்" என்றேன். ஏன் என்றான். யோசிச்சுப் பார்த்தேன், சரிவராது என்றேன். மவுத்கார்டை வாயிலிருந்து எடுத்தான். "பாவம் பார்க்கிறீங்க அண்ணே. மத்தவங்க மாதிரிதான் நீங்களும்."

கரேன் பையன் ரிங்குக்குள் நின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் சொல்லவில்லை என்று நினைத்தால் மனசு லேசாகிறது. ஆனால் அந்த உண்மையைச் சொல்லியிருந்தால் இவனுக்கு அது பாவம் பார்ப்பதாகத் தெரிந்திருக்காது, கரேன் பையன் தன்னை ஒரு சரியான எதிராளியாக நினைத்துப் பயந்தான் என்று தெரிந்திருக்கும். "அவன் மெதுவா அடிக்க மாட்டான்" என்பது ஜிம்மில் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு. அதை அவனுக்குப் போய்ச் சேரவிடாமல் நான் வைத்துக்கொண்டேன். இன்னொரு பக்கம், சொல்லியிருந்தால் வேறு ஜோடி கேட்டிருப்பான், கிடைத்தும் இருப்பான், அதைவிட முரட்டு ஆளாக. எப்படிப் பார்த்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது.

கொஞ்ச நாள் வந்தான், பேட் அடித்தான், என்னை அண்ணே என்று கூப்பிடுவதை விட்டு மற்றவர்களைப் போல ஸயா என்றான். அப்புறம் வருவது நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு ஜிம்முக்குப் போகிறான் என்று மண்டிக்கு மூட்டை ஏற்றப் போன ஒருவர் சொன்னார். ஸ்பாரிங் செய்கிறானாம். அங்கே கண் விஷயத்தைச் சொல்லவில்லையாம். எங்களிடம் சொன்னதால் என்ன ஆனது என்று பார்த்தவன்தானே.

இரண்டு கண் உள்ளவனுக்கே குத்துப்பட்டு விழித்திரை விலகிவிடலாம். 1982ல் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே லெனார்டுக்கு அப்படித்தான் ஆகி அறுவை செய்தார்கள். கண் முன்னால் கொசு பறப்பது போல் புள்ளிகள், ஓரத்தில் மின்னல், திரை இறங்குவது போல் மறைப்பு. இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போகணும் என்று அவனுக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் மற்ற கண்ணை மூடிப் பார் என்பார்கள். இவனுக்கு எந்தக் கண்ணை மூடுவது?

அந்த ஜிம் ஸயாவை எனக்குத் தெரியும். ஜனவரி 4 சுதந்திர தினப் போட்டிகளுக்கு அவரும் ஆட்களைக் கூட்டி வருவார், பார்த்தால் டீக்கடையில் உட்காருவோம். சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் முடிவு செய்திருந்தேன். அந்தப் பக்கம் கிளவுஸ் மாட்டிக்கொண்டு எதிரே நிற்கிறவனுக்கும் ஒரு பேச்சு உண்டு, அவனுக்குத் தெரியாமல் அவன் கையை யாரும் வாடகைக்கு எடுக்கக் கூடாது. பிறகு, என்னை நம்பி முதல் நாளே சொன்னவன் விஷயத்தை ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. இப்போதைக்கு, அவராகக் கேட்டால் சொல்வேன், நானாக எடுக்கமாட்டேன் என்று இருக்கிறேன். அவர் கேட்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.