பிணை நின்றவர்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, இரங்கல் எழுதியவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிய கதையைத்தான் எழுதினார்கள். பெயர் தேவையில்லை, பட்டப்பெயரை எழுதினால் சங்க மலரைத் தொகுக்கும் குழு வெட்டிவிடும். கணிதம் படிப்பித்தவர், ஒழுங்குக்கும் பொறுப்பாக இருந்தவர் என்றாலே எண்பதுகளில் படித்தவர்களுக்கு உள்ளங்கை கூசும்.

இரண்டாம் மணிக்குப் பிந்தினால் கேற்றடி. முன்வாசல் படிக்கட்டில் கால் வைக்கக் கூடாது. அரைநாள் லீவுக்கும் தகப்பனாரின் கடிதம். கொலரைத் தொடாத தலைமயிர். ஏன் என்று கேட்டால் அதற்குத் தனியாக ஓர் அடி.

என் முறை 1986இல் வந்தது. அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சேர்தான் சேகரித்தார். ஸ்ரூடியோவில் எடுத்த படத்தில் என் முடி காதை மூடியிருந்தது. அப்படித் தெரியவேண்டும் என்றுதான் சீவியிருந்தேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஆர், உன்ரை தங்கச்சியோ?" என்றார். வகுப்பு சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்து, இரண்டாகக் கிழித்து என் கையிலேயே தந்தார். அடுத்த நாள் ஒட்ட வெட்டிய தலையோடு புதுப் படம். பிறகு எத்தனையோ சோதனைச் சாவடிகளில் அந்தத் தலையைத்தான் நீட்டினேன். துவக்கு வைத்திருந்தவனைவிட அந்தப் படத்தை எடுக்க வைத்தவர்மேல்தான் அப்போதெல்லாம் கோபம் வரும். கோபப்பட வசதியான ஆள் அவர். முகம் தெரியும், வீடு தெரியும், கடைசி மணி அடித்தால் அவருடைய ஆட்சியும் முடிந்துவிடும்.

பின்னால் வந்த விதிகளுக்குக் கடைசி மணி இருக்கவில்லை. 1990 ஜூனில் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் மின்சாரம் போனது. பெற்றோலுக்கும் பற்றரிக்கும் அரசாங்கத்தின் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தோம். அதைக் கெட்டித்தனமாக இப்போது மலர்களில் எழுதுகிறோம். ஏன் இந்தத் தடை என்று கேட்பதை எப்போது நிறுத்தினோம் என்று எவரும் எழுதக் காணோம்.

லண்டனுக்கு வந்த பிறகு கிளாரன்ஸ் வில்கொக்கின் கதையைப் படித்தேன். போருக்காக 1939இல் இங்கேயும் அடையாள அட்டை கொண்டுவந்தார்கள். போர் முடிந்தும் அது முடியவில்லை. 1950 டிசம்பரில் ஃபின்ச்லியில் காரை மறித்த பொலிஸ்காரர் அட்டையைக் கேட்க, வில்கொக் காட்ட மறுத்தார். மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆனால் பொலிஸ் எல்லோரிடமும் அட்டை கேட்பதைத் தலைமை நீதிபதியே கண்டித்தார். 1952இல் அட்டை ஒழிந்தது. சலவை நிலைய மேலாளர் ஒருவரால் இது முடிந்திருக்கிறது!

நான் அப்படிப்பட்டவன் அல்லன். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்பது எனக்கு மனப்பாடம். 2023இல் புகைக் கட்டண வலயத்தை லண்டன் முழுவதற்கும் விரித்தபோது, தெருவில் பலர் நாளுக்கு 12.50 பவுண் என்று கொதித்தார்கள்; நான் பேசாமல் பழைய காரை விற்றேன். இவையெல்லாம் சுதந்திரத்தைத் தின்கின்றன என்று நான் நம்பவில்லை. ஆனால் சீருடையில் யாராவது எதிரே வந்தால், பாதை கேட்க வந்தாலும், என் கை சட்டைப்பையைத் தடவுகிறது. இங்கே பிறந்த மகளுக்கு அது வேடிக்கை.

1992இல் நான் புறப்பட்ட கதைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும்; திரும்பி வருவான் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். சொந்தக்காரர் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. அரைநாள் லீவுக்குக் கடிதம் கேட்ட மனிதர், என் ஐயாவுடன் பாஸ் கந்தோருக்கு நடந்து வந்து கையெழுத்து வைத்தார். நான் வரப்போவதில்லை என்பது கணக்கு வாத்தியாருக்கா தெரியாது? "மூன்று மாதம் போதுமோ?" என்று மட்டும் கேட்டார். "போதும் சேர்" என்றேன். அன்றிரவே கடனீரேரியைக் கடக்கக் கிளாலியில் படகு ஏறினேன்.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தபின் போய்ப் பார்த்தேன். பிணை பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சேரின் மனைவி, ரீச்சர்தான் குசினி வாசலில் நின்று சொன்னார். கந்தோரில் இருந்து அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "அவன் என்னட்டை லீவு எடுத்துப் போனவன். பிந்தி வந்தால் நான் கேட்பன். நீங்கள் கேட்க வேண்டாம்."

அவர் கேட்கவேயில்லை. இரண்டு கிழமை நின்றுவிட்டு, ரிட்டன் டிக்கெட்டில் வந்துவிட்டேன்.